சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய ‘கனா காணும் காலங்கள்’

“அக்கா, ஒரு சந்தேகம். 90ஸ் கிட்ஸ்னு சொல்லிக்கிற எல்லாரும் ‘கனா காணும் காலங்கள்’ பேரைக் கேட்டாலே உருகுறீங்க. அது விஜய் டிவியில சென்னைப் பசங்க பேசின ஸ்கூல் சீரியல். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 2006ல பிளஸ் ஒன் படிச்சவங்க வீட்டுல டிவியே போட விட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் எப்படி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு? என் கணக்குப்படி பாட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கு, மிச்சமெல்லாம் பில்டப்.”
— தருமபுரியிலிருந்து ஒரு தம்பி

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, இரவு 9.40

தம்பி, நீ சொன்னதில் பாதி சரி. நான் அந்த சீரியலைப் பார்த்தது மொத்தமாக ஒரு பதினைந்து நாள் இருக்கும். ஆனால் கேட்டது ஏறக்குறைய முழுசா. எப்படி என்றால், நாங்கள் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் லைன் வீட்டில் இருந்தோம். நாலு வீட்டுக்கும் மேலே ஒரே ஓட்டுக் கூரை, நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் சந்து இருக்கும். பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். பத்தாவது ரிசல்ட் வந்ததுமே அப்பா கேபிள்காரரைக் கூப்பிட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டார். “ரெண்டு வருஷம் பொறு, அப்புறம் உன் இஷ்டம்.” ஒயரைச் சுருட்டி ஜன்னல் ஆணியில் மாட்டியிருந்தார்கள், சனிக்கிழமை குளித்துவிட்டு அதில்தான் ரிப்பன் காயப்போடுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்கார அக்கா. அவர்கள் டிவி சத்தம் அந்த ஒரு முழச் சந்து வழியாக வரும். ஆகவே எனக்கு அந்த சீரியல் என்பது ரேடியோ நாடகம் மாதிரி. ஜோ, பாண்டி எல்லாரும் வெறும் குரல்தான். யார் சிரிக்கிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, வாத்தியார் உள்ளே வந்துவிட்டாரா, எல்லாம் காதால்.

17 ஆகஸ்ட் 2025, இரவு 11.15

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன்.

அது பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் கதை. எங்களுக்குப் பிளஸ் ஒன் என்று ஒன்று இருந்ததே இல்லை. உனக்குத் தெரியுமோ என்னவோ, எங்கள் பக்கம் மார்க்குக்குப் பேர்போன பள்ளிகளில் பிளஸ் ஒன் ஜூன் மாதம் சேர்ந்தவுடனே பிளஸ் டூ புத்தகத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். பிளஸ் ஒன் புத்தகம் அட்டை போட்டு பெட்டியில் தூங்கும். நாங்கள் பிளஸ் ஒன்னில் இருக்கும்போது இன்ஜினியரிங், மெடிக்கல் நுழைவுத்தேர்வையும் எடுத்துவிட்டார்கள், 2007 அட்மிஷனிலிருந்து பிளஸ் டூ மார்க்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் எங்கள் பள்ளியில் என்ன செய்தார்கள் என்றால், நுழைவுத்தேர்வுக்கு ஒதுக்கின மணி நேரத்தையும் சேர்த்து அதே ஆறு புத்தகத்தில் கொட்டினார்கள். ஒரே கெமிஸ்ட்ரி பாடத்தை இரண்டு வருஷத்தில் ஏழு ரிவிஷன். அந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் படம் இருக்கும் என்று இப்போதும் சொல்வேன். என்ன பாடம் என்று கேட்டால்தான் யோசிக்கணும்.

ஆக, பிளஸ் ஒன் என்ற ஒரு வருஷத்தை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், அது சாயங்காலம் அரை மணி நேரம் பக்கத்து வீட்டு டிவியில் ஓடியது. உருகுகிறோம் என்றால் இதற்குத்தான் உருகுகிறோம் என்று நினைக்கிறேன்.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், இந்தக் கூத்தை நிறுத்தத்தான். இந்த மாதம் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுபடி பெட்டிக்குள் போகுமோ புத்தகம்?

18 ஆகஸ்ட் 2025, மதியம்

ஒரு திருத்தம். என் கூடப்பிறந்த தம்பி மேலே இருப்பதைப் படித்துவிட்டு ஆபீஸிலிருந்து போன் போட்டுச் சிரிக்கிறான். பத்தாவது ரிசல்ட் வந்ததும் ஒயரைப் பிடுங்கவில்லையாம். சீரியலே 2006 கடைசிப் பக்கம்தான் ஆரம்பித்தது, ஜூனில் பிடுங்கியிருந்தால் நான் எப்படிப் பதினைந்து நாள் பார்த்திருப்பேன்? அரைப்பரீட்சை பிசிக்ஸ் மார்க் வந்த அன்றைக்குத்தான் பிடுங்கினார்கள் என்கிறான். எவ்வளவு மார்க் என்பதும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

இன்னொன்றும் சொன்னான். ஆணியில் ரிப்பன் காயப்போட்டது உண்மை, ஆனால் தினமும்.

18 ஆகஸ்ட் 2025, இரவு

பாட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கு என்று தருமபுரித் தம்பி கேட்டதுக்கு வருகிறேன்.

அந்தப் பேர் சீரியலுக்கு முன்னாலேயே இருந்தது. 2004இல் வந்த ‘7ஜி ரெயின்போ காலனி’ படத்துப் பாட்டு அது. யுவன் இசை, நா. முத்துக்குமார் எழுதியது, ஹரிஷ் ராகவேந்திராவும் மதுஸ்ரீயும் பாட, கூடவே சாரங்கிக் கலைஞர் சுல்தான் கான் குரலும் வரும். எங்கள் வீட்டில் அந்தக் கேசட் இருந்தது. அதனால் சீரியல் பேரைச் சொன்னாலே அந்தப் பாட்டு தலைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். சுவர் வழியாக வந்த இசை எது, கேசட்டில் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியாது. போன வாரம் 14ஆம் தேதியோடு முத்துக்குமார் போய் ஒன்பது வருஷம். அன்றைக்கு பஸ்ஸில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டார்கள். எனக்குப் படம் ஞாபகம் வரவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் பிரவுன் அட்டை வாசனைதான் வந்தது.

அப்போதெல்லாம் என்னிடம் ஒரு பாட்டு நோட்டு இருந்தது. தருமபுரி பண்பலை, 102.5, அதில் பாட்டுப் போடும்போது வேகவேகமாக எழுதி, விட்ட வரிக்கு இடம் விட்டு, அடுத்த முறை போடும்போது நிரப்பிக்கொள்வேன். சுவர் வழியாக வந்த சீரியல் பாட்டுக்கும் அதே வேலைதான் செய்தேன், ஆனால் பண்பலை மாதிரி தெளிவாக இருக்காது, நடுவில் தையல் மெஷின் ஓடும், குக்கர் விசில் அடிக்கும். ஒரு வரியில் ‘பருப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கவிஞரும் நட்பைப் பற்றிய பாட்டில் பருப்பை வைத்திருக்க மாட்டார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ராகம் போட்டு பாடிக்கூடக் காட்டியிருக்கிறேன், பஸ்ஸில், எட்டு பேருக்கு.

20 ஆகஸ்ட் 2025

அந்தத் தையல் மெஷினைப் பற்றிச் சொல்லணும்.

கால் மெஷின், உஷா. இரும்பு மிதியில் கால் வைத்தால் தடதடவென்று ஒரு ரயில் போகிற மாதிரி ஓடும். அந்தச் சத்தம் எனக்குப் படிக்கும்போது தொந்தரவாக இருந்ததே இல்லை, நின்றால்தான் தொந்தரவு. சீரியலின் ஆரம்ப இசை வந்ததும் மெஷின் நிற்கும். அப்படியே வெட்டின மாதிரி நிற்கும். விளம்பரம் வந்தால் மறுபடி ஓடும். கதை சும்மா போகிறது என்றால் மெதுவாக ஓடும், டக்... டக்... டக் என்று, காலர் திருப்புகிற வேகத்தில். யாராவது அழுதால் திரும்ப நின்றுவிடும். ஆகவே வசனம் சரியாகக் கேட்காத நாட்களில் மெஷினை வைத்தே கதையைக் கண்டுபிடிப்பேன். மறுநாள் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு (அவர்களுக்கு அதுவும் கிடையாது) “நேத்து பெரிய சண்டை, ரெண்டு நிமிஷம் மெஷின் ஓடல” என்று சொல்வேன். நான் சொல்வது அவர்களுக்குப் புரியும்.

கரண்ட் போனால் தலைகீழ். டிவி நின்றுவிடும், கால் மெஷின் நிற்காது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம் அந்த ஒரு முழச் சந்து வழியாக எங்கள் கூரையில் ஆடும். 2008இல் கரண்ட் கட் அதிகமானபோது எத்தனை கிளைமாக்ஸ் அப்படிப் போனது என்று கணக்கே இல்லை.

அக்கா வீட்டு டிவி பிளாக் அண்ட் ஒயிட். முழங்கை அளவு. ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும்போது அக்கா கேட்டார்கள், “பாப்பா, அந்த நாடகத்துல வர்ற ஸ்கூலு யூனிபாரம் இன்னா கலரு? உங்க ஸ்கூல்ல யாராவது கலர் டிவி வெச்சினு இருந்தா கேட்டுச் சொல்லு.” தையல்காரர் கவலை தையல்காரருக்கு. நானும் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேர் நாலு கலர் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாரும் எனக்கு இப்போது பதில் அனுப்ப வேண்டாம், எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், வேண்டுமென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

20 ஆகஸ்ட் 2025, கொஞ்ச நேரம் கழித்து

நாலு பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். நாலு கலர்.

23 ஆகஸ்ட் 2025, சனி

வீட்டுக்காரர் பாலக்கோட்டுப் பக்கம், பையன்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். அவரிடம் கேட்டேன். “அந்த சீரியலா? எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் டிவி, அதுவும் வார்டன் என்ன போடுறாரோ அது. கிரிக்கெட்தான்.” ஆனால் ஜோ தலைமுடி மாதிரி வெட்டச் சொல்லி ஊருக்குப் போனபோது சலூனில் உட்கார்ந்ததும், திங்கட்கிழமை காலையில் அசெம்பிளியில் வைத்தே ஹாஸ்டல் பார்பர் அதை ஒட்ட வெட்டியதும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சீரியலையே பார்க்காமல் எப்படித் தெரியும் ஜோ முடி என்று கேட்டால், “எவனோ பேப்பர்ல வந்த போட்டோ வெச்சிருந்தான், வாடகைக்கு” என்கிறார். வாடகை என்பது ஒரு நிப்பட்டு, தட்டை மாதிரி இருக்கும். போட்டோ திரும்பி வரும்போது எண்ணெய்க் கறை.

இதைத்தான் தருமபுரித் தம்பி பில்டப் என்கிறான். சரி, இருக்கட்டும். ஆனால் பார்த்தவனைவிடப் பார்க்காதவனுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வாய்?

24 ஆகஸ்ட் 2025

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், திட்டாதீர்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் பழைய நினைப்பு ஒரு மொழியில் மட்டும் இல்லை. எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் பாதிக்கு மேல், கன்னடம் கொஞ்சம், உருது கொஞ்சம். ஓசூரிலிருந்து வந்த ஒருத்தி 2007 முழுக்க ‘முங்காரு மளே’ பாட்டையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சோனு நிகம் பாடியது. எங்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் மழை பெய்தால் எல்லாரும் அதைத்தான் பாடுவோம். அந்த வருஷ அக்டோபரில் ‘ஹேப்பி டேஸ்’ தெலுங்கில் வந்தது, கல்லூரிப் பிள்ளைகள் கதை, மிக்கி ஜே. மேயர் பாட்டு. பர்கூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அதை அண்ணன் செல்லில் ஏற்றிக்கொண்டு வந்து, டூர் என்று பேர்சொல்லி ஒரே ஒரு நாள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குக் கூட்டிப் போனார்களே, அந்த பஸ்ஸில் போட்டாள். மூன்று வருஷம் கழித்து அதையே தமிழில் ‘இனிது இனிது’ என்று எடுத்தபோது, எங்கள் செட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. தெலுங்கில் புரியாமல் கேட்டதுதான் எங்களுக்கு ஒரிஜினல்.

சென்னைக்காரர்கள் ‘எங்கள் சீரியல்’ என்று சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையும் வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். அவர்களுக்கு ஒன்றுதான் இருந்தது.

அணைக்குப் போன அன்று பையன்கள் பஸ் தனி, பெண்கள் பஸ் தனி. பார்க்கில் அவர்கள் இடது பக்கம், நாங்கள் வலது பக்கம். நடுவில் பி.டி. சார். சீரியலில் ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்து பென்சில் வாங்கிக்கொள்கிறார்களே, அதைக் கேட்கும்போது எனக்குக் காதல் கீதல் எதுவும் தோன்றாது. “ஃபைன் போட மாட்டாங்களா?” என்றுதான் தோன்றும். எங்கள் பள்ளியில் பையனோடு பேசினால் ஃபைன். எவ்வளவு என்று நோட்டீஸ் போர்டிலேயே இருந்தது.

31 ஆகஸ்ட் 2025

சீரியலைப் போனில் தேடி ஆறு எபிசோட் பார்த்தேன். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன், யாரும் பார்க்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒவ்வொருத்தர் முகமாக கேமரா போகிறது, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு டும். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டபோது அந்த டும் எல்லாம் பெரிய திருப்பம் என்று நினைத்தேன். யாரோ ஒருத்தர் பேனாவைத் தொலைத்திருக்கிறார், அவ்வளவுதான். அப்புறம், கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை வைத்து வருகிற ஜோக்குகள். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேனே! நானே கறுப்புதான்.

ஆனால் குரல்கள் நன்றாக இருக்கின்றன. அது இப்போதும் மாறவில்லை. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசுவது, முடிக்காத வாக்கியம், பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் கமென்ட், இதெல்லாம் அதுவரை நான் தமிழ் சீரியலில் கேட்டதில்லை. மாமியார்களும் சொத்துப் பத்திரமும்தான். கண்ணை மூடிக்கொண்டு ஏழாவது எபிசோட் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

31 ஆகஸ்ட் 2025, மறுபடி

குரல் என்றதும் ஒன்று. 2010இல் ‘அங்காடித் தெரு’ வந்தபோது கல்லூரி லீவில் ஊருக்கு வந்து தியேட்டரில் பார்த்தோம். ஹீரோவின் நண்பன் வாயைத் திறந்ததும் நான் என் தம்பி கையைப் பிடித்து, “டேய், இது நம்ம சுவரு” என்றேன். அவன் முழித்தான். பிளாக் பாண்டி. அவர் முகத்தை நான் மறந்தே போயிருந்தேன், குரல் மட்டும் மூன்று வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறது. படம் முழுக்க கடையில் நிற்க வைத்தே வேலை வாங்குவார்கள். அதைப் பார்க்கும்போது எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் ராத்திரி ஸ்டடியில் தூக்கம் வராமல் இருக்க நின்றுகொண்டே படித்தது ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. எங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போட்டார்கள்.

7 செப்டம்பர் 2025

2022இல் ஹாட்ஸ்டாரில் அதே பேரில் புதுசாக எடுத்தார்களே, அதைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர். பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. எங்கள் வீட்டில் இப்போது சுவர் கூரை வரைக்கும் போகிறது. அவ்வளவுதான் என் விமர்சனம்.

1 அக்டோபர் 2025, ஆயுத பூஜை

அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். காலையில் பொரி, கடலை வாங்கக் கடைவீதிக்குப் போனவள் அப்படியே பழையபேட்டைக்கு ஒரு நடை போய் தையல்கார அக்காவைப் பார்த்தேன். பதினோரு வருஷம் ஆகிறது. லைன் வீடு இல்லை, மாடி வீடாகிவிட்டது, அக்கா கீழே ஒரு அறையில் கடை வைத்திருக்கிறார்கள். அதே உஷா மெஷின், மோட்டார் மாட்டி. சந்தனம் குங்குமம் வைத்து, மிதியில் ஒரு சாமந்தி. இன்றைக்கு ஓடாது.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “அக்கா, அந்த ஸ்கூல் நாடகம் ஞாபகம் இருக்கா? பாட்டு வந்தா மெஷினை நிறுத்திட்டுப் பார்ப்பீங்களே.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “நான் எங்கம்மா பார்த்தேன்? அந்த நேரத்துக்கு நான் அடுப்பாண்ட இருப்பேன். நான் பார்த்தது கோலங்கள், தேவயானி. அத விட்டா எதுவும் பார்க்க மாட்டேன்.”

அப்போ மெஷினில் யார்?

“எங்க அண்ணன் பொண்ணு. மகாராஜகடையிலருந்து தொழில் கத்துக்க வந்து என்னோடவே இருந்தாளே. நீ பார்த்ததில்லியா? வாசல்ல உக்காந்து காஜா போட்டுனு இருப்பா.”

பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன். காலையில் ஆறரைக்கு நான் பஸ்ஸுக்கு ஓடும்போது சட்டையை மடியில் போட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். என் வயசுதான். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட பேசியதில்லை. காஜா போடுகிற பெண், அவ்வளவுதான் எனக்கு. ராத்திரி மெஷினில் அவள் உட்கார்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“பத்தாவதுல நல்ல மார்க்கு. மேல படிக்க வெக்க முடியல எங்க அண்ணனுக்கு. அந்த யூனிபாரம் கலரு கூட அவதான் உன்னாண்ட கேக்கச் சொன்னா. அவளுக்கு உன்னாண்ட பேச வெக்கம், நீ இங்லீஷ் ஸ்கூலுன்னு.”

ஆகஸ்ட் 17 அன்று ராத்திரி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிளஸ் ஒன்னை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்களாம். அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கிடக்கட்டும்.

1 அக்டோபர் 2025, இரவு

தம்பி கேட்கிறான், “அப்போ அவங்க அந்தக் கலரை எப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க?” என்று. நல்ல கேள்வி. அக்கா வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவி, 14 இன்ச், 2009 வாக்கில் வந்தது. அந்தப் பெண் அதற்கு முந்தின வருஷமே கல்யாணமாகிப் போய்விட்டாள். நம்பர் வாங்கி வந்திருக்கிறேன். கூப்பிடுவதா வேண்டாமா என்று நாலு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

5 அக்டோபர் 2025, ஞாயிறு

கூப்பிட்டேன். ஓசூரில் இருக்கிறாள், வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள், இரண்டு பிள்ளைகள், பெரியவள் இந்த வருஷம் பிளஸ் ஒன். நான் யார் என்று சொன்னதும், “தெரியும், ரிப்பன் காயப்போடுவீங்களே” என்றாள்.

சீரியல் பற்றிக் கேட்டேன். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாள், நான் மெஷினை வைத்து ஊகித்ததில் பாதி தப்பு. மெஷின் நின்றதெல்லாம் அழுகைக் காட்சி இல்லையாம், பல நேரம் பாபின் நூல் தீர்ந்திருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நான் சொன்ன சண்டைகள் எத்தனை பாபினோ.

யூனிஃபார்ம் கலர் தெரியுமா என்றேன்.

“இப்பதான் பொண்ணு போன்ல போட்டுக் காட்டினா, ரெண்டு மூணு வருஷம் இருக்கும். நான் நெனச்சினு இருந்த கலர் இல்ல.”

என்ன கலர் என்று நினைத்துக்கொண்டிருந்தாய்?

“நீங்க போட்டுனு போவீங்களே, அந்த மெரூன் கட்டம். அதான்னு நெனச்சினு இருந்தேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவளே தொடர்ந்து சொன்னாள், கலரை விடுங்க, அந்தச் சட்டைக் காலரைப் பார்த்தீங்களா, கேன்வாஸே வைக்காம தெச்சிருக்காங்க, ரெண்டு சலவைக்குத் தாங்காது என்று.